சின்ன ஹால், நல்ல சவுண்டு: ஜாதவ்பூர் தங்கச்சிக்கு அக்கா டிப்ஸ்

தங்கச்சி, பழைய ஹோம் தியேட்டரை மாற்றப் போகிறேன், 30,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன், எதை வாங்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு இன்ச் டேப்பை எடுத்துக்கொள். ஹாலின் நீளம், அகலம், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே உள்ள தூரம், சோபாவின் முதுகுக்கும் பின்சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி, எல்லாவற்றையும் அளந்து எழுதி வை. நீ வாங்கப் போகும் எந்தப் பெட்டியை விடவும் இந்த அளவுகள்தான் உன் வீட்டுச் சவுண்டைத் தீர்மானிக்கப் போகின்றன.

ஜாதவ்பூர் ஃபிளாட் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 8பி பஸ் ஸ்டாண்டைத் தாண்டி பிஜய்கர் பக்கம் உள்ளே போகப் போக வீட்டுக்கு வீடு ஒட்டிக்கொண்டு நிற்கும். உன் ஹால் 10 அடிக்கு 14 அடி இருக்கும். தரையில் மார்பிள், சுவரில் ஒரு காலண்டர், ஜன்னலில் மெல்லிசுத் திரை. நடு ஹாலில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பார். தட்டிய பிறகும் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி இழுத்துக்கொண்டே போகும். அந்த இழுப்புதான் வசனத்தை விழுங்குகிறது. வசனம் கேட்கவில்லை என்று நீ ரிமோட்டில் கூட்டுவாய், சண்டைக் காட்சி வந்ததும் மாப்பிள்ளை பதறிக் குறைப்பார். இந்த ஹாலில் லட்ச ரூபாய் சிஸ்டம் வைத்தாலும் இதே கதைதான். அதனால் காசு செலவில்லாத வேலைகளை முதலில் முடி. பாதி முன்னேற்றம் அங்கேயே வந்துவிடும்.

முதலில் டிவி மெனு

நிறைய வீடுகளில் 5.1 சிஸ்டம் இருக்கும், ஆனால் கேட்பது வெறும் ஸ்டீரியோ. காரணம் டிவியின் சவுண்ட் செட்டிங். ‘டிஜிட்டல் ஆடியோ அவுட்’ என்ற இடத்தில் ‘பிசிஎம்’ என்று இருந்தால், எச்டிஎம்ஐயின் ஏஆர்சி வழியாகவோ ஆப்டிகல் வயர் வழியாகவோ இரண்டே சேனல்தான் வெளியே போகும். அதை ‘பாஸ்த்ரூ’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்று. சில டிவிகளில் ‘ஆட்டோ’ என்று இருக்கும், அதுவும் சரிதான். பிறகு படம் பார்க்கும் ஆப்பிலேயே ஆடியோ மொழி தேர்ந்தெடுக்கும் இடத்தில் தமிழுக்குப் பக்கத்தில் 5.1 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடு. ரிசீவரின், அதாவது ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டியின், முகப்பில் ‘டால்பி’ என்று எழுத்து வந்தால் வேலை முடிந்தது.

எச்டிஎம்ஐ வயரை டிவியில் எந்த ஓட்டையில் வேண்டுமானாலும் சொருகக் கூடாது. ‘ஏஆர்சி’ என்று எழுதியிருக்கும் ஒன்றில்தான் சொருக வேண்டும், மெனுவில் ‘சிஇசி’யையும் ஆன் செய்ய வேண்டும். கடைக்காரர்கள் ‘இஏஆர்சி’ இல்லாவிட்டால் டால்பி அட்மாஸ் வராது என்று பயமுறுத்துவார்கள். ஓடிடி ஆப்கள் அட்மாஸை டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவத்தில் அனுப்புகின்றன. அதைச் சாதாரண ஏஆர்சியே சுமக்கும். புளூரே டிஸ்க்கின் முழு ஒலியை டிவி வழியாகக் கொண்டு போகத்தான் இஏஆர்சி தேவை. உன்னிடம் புளூரே இல்லை, அதற்காகப் பணம் கொடுக்காதே. ஆப்டிகல் வயர் பழைய டால்பி டிஜிட்டலையும் டிடிஎஸ்ஸையும் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. இன்னொன்று: பல டிவிகள் டிடிஎஸ் ஒலியை வெளியே அனுப்புவதே இல்லை. பென்டிரைவில் இருக்கும் ஒரு படம் மட்டும் ஊமையாக ஓடினால் ஸ்பீக்கரைக் குறை சொல்லாதே.

நகர்த்து, திருப்பு, கேள்

சோபாவைப் பின்சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது முன்னால் இழு. சுவரோடு தலையை ஒட்டி உட்கார்ந்தால் அடி ஒலி, அதாவது பேஸ், அங்கே வந்து குவியும், எல்லாம் ‘பொம் பொம்’ என்று கேட்கும். அறையின் நட்ட நடுவில் உட்கார்ந்தாலோ சில அடி ஒலிகள் காணாமலே போய்விடும். இதற்குக் கணக்கு இருக்கிறது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் ஓடுகிறது. 14 அடி நீளச் சுவர்களுக்கு நடுவே 40 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலி சிக்கிக்கொண்டு எழும்பும், 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ் பக்கம். வெடிச் சத்தமும் டிரம்ஸும் வாழும் இடம் இதுதான். ஆகவே ஒரு குறிப்பிட்ட ‘தொம்’ மட்டும் ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்தால் அது உன் சப்வூஃபரின் குற்றமாக இருக்காது, ஹாலின் நீளம் செய்யும் வேலை.

முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் நீயும் ஒரு சம முக்கோணமாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர்களுக்கு நடுவே 7 அடி என்றால் நீ ஒவ்வொன்றிலிருந்தும் 7 அடி. இரண்டையும் உன் பக்கம் லேசாகத் திருப்பு. ட்வீட்டர், அதாவது மேலே இருக்கும் சின்ன ஸ்பீக்கர், உட்கார்ந்தால் உன் காது எந்த உயரமோ அந்த உயரத்தில் இருக்கட்டும். தரையிலிருந்து 90 முதல் 100 சென்டிமீட்டர் வரும். டிவி ஸ்டாண்டுக்குள் அலமாரித் தட்டில் ஸ்பீக்கரை உள்ளே தள்ளி வைக்கிற வழக்கம் பலருக்கு இருக்கிறது. வெளியே எடு. குறைந்தது தட்டின் விளிம்பு வரையாவது முன்னுக்கு இழு.

சப்வூஃபருக்கு ஒரு வேடிக்கையான வழி உண்டு, ஆனால் நிஜமாகவே வேலை செய்யும். அதைத் தூக்கி நீ உட்காரும் சோபாவின் மேலேயே வை. பேஸ் கிட்டார் ஏறி இறங்கி வாசிக்கும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, முன்சுவர் ஓரமாகவும் பக்கச் சுவர் ஓரமாகவும் முட்டி போட்டு நகர்ந்து கேட்டுக்கொண்டே போ. எந்த இடத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கிறதோ அந்த இடம்தான் சப்வூஃபருக்கு. நீ இருக்கும் இடத்தையும் அது இருக்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் அறை ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும் என்பதால் இது சரியாக வரும். மூலையில் வைத்தால் சத்தம் கூடும், ஆனால் தெளிவு போகும்.

வயர் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடு. ஒரு பக்க ஸ்பீக்கர் மாறி இணைந்திருந்தால் பாடகர் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கலைந்து கிடக்கும், பேஸும் மெலிந்துவிடும். ரிசீவரிலிருந்து வயரைக் கழற்றி, சாதாரண 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடு. பேட்டரியின் பிளஸ் வயரின் பிளஸ்ஸைத் தொடும்போது வூஃபரின் கோன் வெளிப் பக்கம் தள்ளினால் சரி. எல்லா ஸ்பீக்கரும் ஒரே பக்கம் தள்ள வேண்டும்.

கேட்டுப் பார்க்க மிருதங்கம்

ஜாதவ்பூரில் ராஜா எஸ்.சி. மல்லிக் ரோட்டில் யுனிவர்சிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தியன் அசோசியேஷன் ஃபார் தி கல்டிவேஷன் ஆஃப் சயின்ஸ் வாசலை நீ தினமும் கடந்து போகிறாய். மகேந்திரலால் சர்க்கார் 1876ல் தொடங்கிய அந்த நிறுவனம் முன்பு பௌபஜாரில் இருந்தது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1907ல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்து, ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி செய்தது அங்கேதான். 1928ன் ஒளிச் சிதறலுக்கு முன்னால் அவர் பல வருடம் உழைத்தது ஒலியில். வயலின் தந்தியை வில் எப்படி அசைக்கிறது என்று பார்த்தார். 1920ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் நம் தோல் வாத்தியங்களைப் பற்றி எழுதினார். சாதாரண மேளத்தின் தோலில் எழும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று ஒட்டாது, அதனால் சுருதி பிடிக்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே பூசியிருக்கும் கரணையின் கனம் அந்தத் துணை ஒலிகளை இழுத்து வரிசைப்படுத்துகிறது. அதனால்தான் மிருதங்கம் தந்தி வாத்தியம் போல் சுருதியோடு பேசுகிறது. நமக்குப் பாட்டு டீச்சர் ‘சுருதி சேர்த்த மிருதங்கம்’ என்று சொன்னதன் இயற்பியல் இது. அதைக் கண்டவருடைய நிறுவனத்துக்குப் பக்கத்துத் தெருவில் நீ குடியிருக்கிறாய் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

சிஸ்டம் சோதிக்க இதையே பயன்படுத்து. நல்ல தனி ஆவர்த்தனம் ஒன்றை போனில் வைத்துக்கொள். நல்ல ஸ்பீக்கரில் வலந்தலையின் ‘நம்’முக்கு ஒரு சுருதி தெளிவாகக் கேட்கும், ‘சாபு’ வேறு நிறத்தில் கேட்கும், தொப்பியின் கும்கி வளைந்து ஏறுவது தெரியும். மோசமான ஸ்பீக்கரில், அல்லது மோசமான இடத்தில் வைத்த நல்ல ஸ்பீக்கரில், எல்லா அடியும் ஒரே ‘தொம்’தான். கடைக்காரர் போடும் ஹெலிகாப்டர் வெடிக்கும் காட்சி எந்த ஸ்பீக்கரிலும் பிரமாதமாகத்தான் இருக்கும், ஏனென்றால் நிஜத்தில் அது எப்படிக் கேட்கும் என்று நமக்குத் தெரியாது. மிருதங்கமும் பெண் குரலும் நமக்கு நன்றாகத் தெரியும். அவை பொய் சொன்னால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

சைத்ர சேல் திரைச்சீலை, காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகம்

இப்போது கொஞ்சம் காசு. வங்காளி வருடம் முடிகிற சைத்ர மாதத்தில், மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, கரியாஹாட் நடைபாதை முழுக்கத் தள்ளுபடி நடக்கும். அப்போது கனமான திரைச்சீலைத் துணி வாங்கு. ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு எடுத்தால்தான் மடிப்பு விழும், மடிப்புதான் ஒலியை உறிஞ்சும். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே மார்பிள் தரையில் ஒரு கனமான கார்ப்பெட். மேதினிப்பூர் மாதுர் பாய் அழகுதான், எனக்கும் பிடிக்கும், ஆனால் மெல்லிசாக இருப்பதால் இந்த வேலைக்கு உதவாது.

மாப்பிள்ளை காலேஜ் ஸ்ட்ரீட்டிலிருந்து சுமந்து வந்து பெட்ரூமில் அடுக்கியிருக்கும் புத்தகங்களைத் திறந்த அலமாரியோடு ஹாலின் பின்சுவருக்குக் கொண்டு வா. குட்டையும் நெட்டையுமாக, முன்னும் பின்னுமாக அடுக்கு. சமமான சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அங்கே சிதறிவிடும்.

பக்கச் சுவரில் எந்த இடம் முக்கியம் என்று தெரிந்துகொள்ள ஒரு கண்ணாடி போதும். நீ சோபாவில் உட்கார். மாப்பிள்ளை முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்தட்டும். கண்ணாடியில் எங்கே ஸ்பீக்கர் தெரிகிறதோ அந்த இடத்தில்தான் ஒலி பட்டு உன் காதுக்கு இரண்டாம் தடவை வருகிறது. அங்கே குளிர்காலத்து லேப்பை, அதாவது பஞ்சுப் போர்வையை, தற்காலிகமாகத் தொங்கவிட்டு ஒரு படம் பார். வசனம் தெளிந்தது தெரிந்தால் அதன் பிறகு பேனல் செய்யலாம். 2 அங்குல ராக்வூல் பலகையை மரச் சட்டத்தில் பொருத்தி, துணி போர்த்தி, சுவரிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி மாட்டச் சொல். கையாளும்போது மாஸ்க் போட வேண்டும், பின்பக்கத்தையும் துணியால் மூட வேண்டும். மேல் துணிக்கு இங்கே கிடைக்கும் காம்சா துண்டு அருமை. வாயை வைத்து ஊது, காற்று அந்தப் பக்கம் போனால் ஒலியும் போகும்.

முட்டை அட்டை மாதிரி இருக்கும் மெல்லிய ஸ்பாஞ்சை வாங்கி ஒட்டாதே. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே 34 சென்டிமீட்டர். ஒரு அங்குல ஸ்பாஞ்ச் அதற்கும் மேலே உள்ள கீச்சு ஒலிகளைத்தான் பிடிக்கும். அறை மந்தமாகிவிடும், ‘பொம்’ அப்படியே இருக்கும்.

பழைய பெட்டியில் எதை வைத்துக்கொள்ளலாம்

உன்னிடம் இருப்பது ஒரே பெட்டியில் டிவிடி பிளேயரும் ஐந்து குட்டி ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்து வந்த செட். அதன் ஸ்பீக்கர் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளைப் படி. பெரும்பாலும் 3 ஓம் அல்லது 4 ஓம் என்று இருக்கும். தனியாக விற்கும் ரிசீவர்கள் பொதுவாக 6 முதல் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் செய்தவை. 3 ஓம் ஸ்பீக்கரை அதில் மாட்டினால் ரிசீவர் சூடேறி அணைந்துவிடும், அல்லது கெட்டே போகும். அந்தச் செட்டின் சப்வூஃபருக்குள் ஆம்ப்ளிஃபையரும் இருக்காது. புது ரிசீவரின் சப்வூஃபர் சாக்கெட்டிலிருந்து வருவது வெறும் சிக்னல், அதை எடுத்துக்கொண்டு தானே ஓடும் ஆக்டிவ் சப்வூஃபர்தான் வேண்டும். ஆகவே பழைய செட்டை ஒவ்வொரு பாகமாக மாற்ற முடியாது. முழுதாகப் பெட்ரூம் டிவிக்குக் கொடுத்துவிட்டு, ஹாலுக்குப் புதிதாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டு.

30,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது

என் கணக்கு: 12,000 முன் ஸ்பீக்கர் ஜோடிக்கு, 10,000 ஆக்டிவ் சப்வூஃபருக்கு, மிச்சம் 8,000 செகண்ட் ஹேண்ட் ரிசீவருக்கு. சென்டரும் சரவுண்டும் அடுத்த வருடம். ஐந்து மட்டமான ஸ்பீக்கரை விட இரண்டு நல்ல ஸ்பீக்கர் எப்போதும் மேல். உன் வீட்டில் பெரும்பாலும் நீங்கள் இருவர்தான், நடுவில்தான் உட்காருகிறீர்கள். நல்ல ஜோடி ஸ்பீக்கர் சரியாக வைத்தால் வசனம் டிவித் திரையிலிருந்தே வருவது போல் நடுவில் நிற்கும். ஆனால் ஒன்று முக்கியம்: ரிசீவர் மெனுவில் சென்டர் ‘இல்லை’, சரவுண்ட் ‘இல்லை’ என்று குறித்தாக வேண்டும். அப்போதுதான் அந்தச் சேனல்களை அது முன் ஸ்பீக்கர்களுக்குள் கலந்து தரும். குறிக்காமல் விட்டால் பாட்டு கேட்கும், வசனம் மட்டும் காணாமல் போகும்.

பின்னால் சென்டர் வாங்கும்போது முன் ஜோடியின் அதே வரிசையில் வரும் சென்டரையே வாங்கு. ‘பதேர் பாஞ்சாலி’ போன்ற 1955ன் படம் முழுக்க மோனோ. ரிசீவரை டால்பி சரவுண்ட் மோடில் வைத்தால் அந்த ஒலி முழுவதும் சென்டர் ஒன்றிலிருந்தேதான் வரும். தமிழிலும் 1986ன் ‘மாவீரன்’ 70 எம்எம்மில் ஆறு டிராக்கோடு வந்தது, 1995ன் ‘குருதிப்புனல்’ டால்பியோடு வந்தது என்றாலும், அந்தக் காலம் வரை வந்த படங்களில் பெரும்பாலானவை மோனோதான். நீ பழைய படப் பைத்தியம், அதனால் சொல்கிறேன். மட்டமான சென்டர் இருந்தால் பழைய படம் பார்க்கும்போது ஸ்டீரியோ மோடுக்கு மாற்றிக்கொள்.

வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்காதே. ‘பிஎம்பிஓ’ என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. ‘ஆர்எம்எஸ்’ எத்தனை என்று கேள். அதையும் விட முக்கியம், ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் எத்தனை டெசிபல் என்ற எண். 87 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் நீ உட்காரும் 9 அடி தூரத்தில் ஒரு வாட்டிலேயே 78 டெசிபல் அளவுக்கு வரும், 10 வாட்டில் 88. உன் ஹாலுக்கு 50 வாட் தாராளம். 50 வாட் ரிசீவரை விட்டு 100 வாட் வாங்கினால் கிடைக்கும் கூடுதல் 3 டெசிபல்தான். அந்தப் பணம் ஸ்பீக்கருக்குப் போகட்டும்.

சாந்தினியில் பழைய சரக்கு

டோலிகஞ்சிலோ காளிகட்டிலோ மெட்ரோ ஏறினால் சாந்தினி சௌக் ஸ்டேஷன். மேலே ஏறி வந்தால் சுற்றிலும் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்தான். வயர், பிளக், ஸ்பீக்கர் உதிரிகள், ரிப்பேர், எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்தில். பையில் ஒரு டார்ச், பென்சில் பேட்டரி, உன் பாட்டுகள் இருக்கும் போன், ஒரு ஆக்ஸ் வயர் இவை இருக்கட்டும்.

பழைய ஸ்பீக்கரில் முதலில் பார்க்க வேண்டியது கோனைச் சுற்றியுள்ள வளையம். ஃபோம் வளையம் கொல்கத்தா ஈரத்தில் பொடிப் பொடியாகப் போகும். விரலால் மெல்ல அழுத்து, மாவாக உதிர்ந்தால் விலையைக் குறைக்கச் சொல், வளையம் மாற்ற ஆகும் செலவைக் கழித்துக்கொள். ரப்பர் வளையம் என்றால் நிம்மதி. பிறகு கோனின் இரு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து உள்ளே தள்ளிப் பார். உரசும் சத்தம் வந்தால் காயில் கோளாறு, வாங்காதே. பழைய ஸ்பீக்கரின் உள்ளே கிராஸ்ஓவரில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் வயதாகிக் காய்ந்திருக்கலாம். மாற்றுவது சின்ன வேலைதான், நல்ல மெக்கானிக் ஒரு மாலையில் செய்துவிடுவார்.

1970ல் இதே கொல்கத்தாவில் தொடங்கிய சோனோடைன் நிறுவனத்தின் ஸ்பீக்கர்கள் இந்த ஊரில் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கின்றன. வீட்டைக் காலி செய்கிறவர்கள், பிள்ளைகளிடம் வெளிநாட்டுக்குப் போகிற பெரியவர்கள் விற்கும்போது நல்ல ஜோடி கிடைக்கலாம். லேக் மார்க்கெட் பக்கத்து நம் ஆட்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வை. பழைய ஸ்பீக்கரை விற்கிறவர் வீட்டிலேயே ஓட விட்டுக் கேட்க முடிந்தால், அதைப் போல நல்ல சந்தர்ப்பம் வேறில்லை.

ரிசீவர் வாங்கும்போது பின்பக்க லேபிளில் 230 வோல்ட் என்று இருக்கிறதா என்று முதலில் பார். அமெரிக்காவிலிருந்து வந்தது 120, ஜப்பானிலிருந்து வந்தது 100. அதை நேராக நம் பிளக்கில் சொருகினால் அன்றோடு சரி. ஒவ்வொரு எச்டிஎம்ஐ ஓட்டையையும் தனித்தனியாகச் சோதி, பழைய ரிசீவரில் முதலில் போவது அந்த போர்டுதான். வால்யூமைத் திருகும்போது கரகரப்பு வருகிறதா, ஒவ்வொரு சேனலும் பேசுகிறதா, அரை மணி நேரம் ஓடிய பிறகும் அணையாமல் இருக்கிறதா என்று பார். அளவெடுக்கும் மைக்கைக் கேட்டு வாங்கு. அந்த மாடலுக்கு உரிய மைக்தான் வேண்டும், வேறு மைக் தப்பாக அளக்கும்.

பத்து வருடத்துக்கு மேல் பழைய ரிசீவர் 4கே படத்தைக் கடத்தாது என்று கடையில் தள்ளுவார்கள். உனக்கு அது தேவையே இல்லை. படம் ஓட்டும் எல்லாவற்றையும் நேராக டிவியில் சொருகு, ஒலியை மட்டும் டிவியிலிருந்து ஏஆர்சி வழியாக ரிசீவருக்கு அனுப்பு. இந்த ஒரு வழியால் விலையில் பெரிய தொகை மிச்சமாகும்.

வயருக்குக் குறைவாகவே செலவு செய்

வீட்டு ஒயரிங்குக்கு விற்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் உன் ஹாலுக்குப் போதும். தங்க முலாம், தடித்த உறை எதுவும் வேண்டாம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு இழையைப் பிளேடால் சுரண்டு. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடு. ஸ்டாண்டும் கடையில் வாங்காதே. தச்சரிடம் பிளைவுட்டில் பெட்டி போலச் செய்யச் சொல்லி, மணலை வாணலியில் வறுத்து ஆற வைத்து உள்ளே நிரப்பு. வறுக்காத மணலில் ஈரம் இருந்தால் மழைக்காலத்தில் பிளைவுட் உப்பிவிடும்.

சிஸ்டத்தில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் வந்தால் கேபிள் டிவி வயரை ஒரு நிமிடம் கழற்றிப் பார். முனகல் நின்றால் கோளாறு அங்கேதான், கேபிள்காரரைக் கூப்பிடு. சிலர் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளைப் பிடுங்கிவிடச் சொல்வார்கள். அதை மட்டும் ஒருநாளும் செய்யாதே, உயிருக்கு ஆபத்து.

மைக்கை வைத்து அளக்கும் நாள்

எல்லாம் வைத்து முடித்ததும் ரிசீவரோடு வந்த மைக்கை சோபாவில் உன் காது இருக்கும் உயரத்தில், ஒரு கேமரா ஸ்டாண்டில் நிறுத்து. கையில் பிடிக்காதே. ஃபேனை நிறுத்து, ஜன்னலைச் சாத்து, தெருவில் காய்கறிக்காரர் கூவாத நேரமாகப் பார்த்துச் செய். முடிந்ததும் மெனுவுக்குள் போய் ஸ்பீக்கர்கள் ‘லார்ஜ்’ என்று குறிக்கப்பட்டிருந்தால் ‘ஸ்மால்’ என்று மாற்றி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வை. சின்ன ஸ்பீக்கரை அதற்கு முடியாத அடி ஒலியிலிருந்து விடுவித்தால் குரல் தெளிவாகும், அடி ஒலியைச் சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும். சப்வூஃபரின் தூரம் 8 அடிக்குப் பதில் 13 அடி என்று காட்டினால் பதறாதே. அதன் உள்ளே இருக்கும் சர்க்யூட்டில் ஆகும் தாமதத்தைத் தூரமாகக் கணக்கிட்டிருக்கிறது, அப்படியே விட்டுவிடு.

ராத்திரிப் படத்துக்கு ரிசீவரில் ‘நைட் மோட்’ அல்லது ‘டைனமிக் ரேஞ்ச்’ என்று ஒன்று இருக்கும். போட்டால் மெல்லிய வசனம் ஏறும், வெடி இறங்கும். குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் வருடத்து ஒலி மாசு விதி சொல்லும் அளவு பகலில் 55 டெசிபல், ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. அடி ஒலி சுவரைத் தாண்டும், தரையையும் தாண்டும். சப்வூஃபருக்குக் கீழே ரப்பர் பாய் போட்டால் அதிர்வு கொஞ்சம் குறையும், காற்று வழிப் போகிற ஒலி குறையாது. பத்து மணிக்கு மேல் சப்வூஃபர் அளவை ரிமோட்டிலேயே இறக்கிவிடு. மாத்யமிக் பரீட்சை நடக்கும் நாட்களில் கீழ் வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் அதை அணைத்தே வை. கீழ் வீட்டு மாஷிமாவிடம் முன்கூட்டியே போய், சத்தம் வந்தால் உடனே ஒரு போன் பண்ணுங்கள் என்று நீயே சொல்லிவிட்டு வா. அதன் பிறகு பூஜை நாட்களில் அவர்களே உன் வீட்டில் வந்து உட்கார்ந்து படம் பார்ப்பார்கள்.

சரவுண்ட் வாங்கும் வருடத்தில், சோபாவுக்கு இரு பக்கமும் சற்றுப் பின்னால், காதை விட ஓரிரு அடி உயரத்தில் மாட்டு. பின்சுவர் மூலைகளில் கொண்டு போய் மாட்டாதே. ஹாலின் ஒரு பக்கம் பால்கனிக் கதவு வருவதால் ஒரு ஸ்பீக்கருக்கு இடம் இல்லை என்றால், அதை ஸ்டாண்டில் நிறுத்து, படம் முடிந்ததும் நகர்த்திவிடலாம். அட்மாஸுக்காகக் கூரையில் ஸ்பீக்கர் மாட்டுவதை வாடகை வீட்டில் யோசிக்கவே வேண்டாம்.

கடைசியாக மழைக்காலம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஸ்பீக்கரை வெளிச்சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வை, அந்தச் சுவர்தான் முதலில் ஓதம் காக்கும். ரிசீவருக்கு மேலே நான்கு அங்குலம் காற்றோட்டம் விடு, துணி போட்டு மூடாதே. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது அரை மணி நேரம் ஓட விடு, உள்ளே எழும் சூடு ஈரத்தை விரட்டும். காகிதக் கோனில் வெள்ளைப் பூசணம் தெரிந்தால் ஈரத் துணி கூடாது, மென்மையான காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடு. ஊருக்குப் பத்து நாள் போவதாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போ, கோடையில் கால்பைசாகிப் புயலின் இடி ஆன்டெனா வயர் வழியாகவும் வரும், அதையும் கழற்றி வை.